பூமாரி கிளை

மாப்பிள்ளை வீட்டார் காப்பியைத் தொடவில்லை. முதலில் சுவடியைக் கேட்டார்கள்.

கேட்டவர் மாப்பிள்ளையின் அத்தை. பாளையங்கோட்டையில் அந்தச் சின்னக் கூடத்தில் அவர்கள் பக்கம் ஒன்பது பேர் நிரம்பி வழிந்தார்கள். பெண் பக்கம் பார்த்தால் பூமாரியும் அவள் அம்மாவும்தான். அப்பா இல்லாத வீடு என்று யாரும் இளக்காரமாக நினைத்துவிடக்கூடாதே என்று, தான் வேலை பார்க்கும் ஆய்வகத்தின் தலைவர் டாக்டர் இசக்கியம்மாளைப் பூமாரி கூப்பிட்டு உட்கார வைத்திருந்தாள்.

"பொண்ணு லட்சணமா இருக்கா, ஒரு குறையும் சொல்லுததுக்கில்ல. தொண்டைச்சுவடி எங்க? என்ன கிளை?" என்றார் அத்தை.

இசக்கியம்மாளுக்குக் காது மடல் சூடாகிவிட்டது. அந்தச் சுவடியைக் கண்டுபிடித்ததே அவர்தான். அத்தைக்கு அது தெரியாது. தெரிந்திருந்தாலும் கேட்டிருப்பார்.

புகையிலையும் பாக்கும் ஒழிந்தால் தொண்டைப் புற்றும் ஒழிந்துவிடும் என்று எல்லோரும் நம்பிய காலம் ஒன்று உண்டு. ஒழியவில்லை. வெற்றிலைகூடப் போடாதவர்களுக்கு, முப்பது வயதில், டான்சிலிலும் நாக்கின் அடியிலும் வந்தது. காரணம் ஒரு வைரஸ். மனிதர்கள் ஒருவரையொருவர் நெருங்கும்போது வாய்வழியே ஏறிக்கொள்ளும். பெரும்பாலோருக்கு வந்த சுவடு தெரியாமல் போய்விடும். சிலருக்கு மட்டும் டான்சிலின் மடிப்புக்குள் பதுங்கிக் கிடந்து, வருடங்கள் கழித்துப் புற்றாக எழுந்திருக்கும். பழைய தடுப்பூசிகளுக்கெல்லாம் டிமிக்கி கொடுத்துவிட்டு வந்த புது வகை அது. இசக்கியம்மாளின் சுவடிப்பெட்டி அதை ஒரே மூச்சில் பிடித்தது. குழலில் ஊதினால் போதும், மூன்று கட்டங்கள் போட்ட தாள் வெளியே வரும். முதல் கட்டத்தில் வைரஸ் உண்டா இல்லையா. இரண்டாவதில் அது புற்றாகத் திரும்பியிருக்கிறதா, எந்த நிலை. மூன்றாவதில் அந்த வைரஸ் எந்த வழியில் பிரிந்து வந்தது.

அங்கேதான் இசக்கியம்மாள் சறுக்கினார். தமிழ் மேலிருந்த ஆசையில் அந்தத் தாளுக்குத் தொண்டைச்சுவடி என்று பெயர் வைத்தார். சுவடி பார்ப்பதென்றால் தலையெழுத்தைப் பார்ப்பது என்று பழகிப்போன நாடு இது. அதில் கட்டம் வேறு கட்டிக் கொடுத்தார். மூன்றாம் கட்டத்துக்குக் 'கிளை' என்று பெயரிட்டார் பாருங்கள், அதுதான் எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. மரம் கிளை விடுவதுபோல வைரஸும் பிரிகிறது என்பதற்கு மேல் அவர் ஒன்றும் நினைக்கவில்லை. ஆனால் தாமிரபரணிக் கரையில் கிளை என்றால் வம்சம். ஒரே கிளைக்காரர்கள் அண்ணன் தங்கை முறை, கல்யாணம் கூடாது. அவர் பிறந்ததே திருநெல்வேலிப் பக்கம். அவருக்கு இது தெரியாதா? தெரியும். ஆய்வகத்துக்குள் உட்கார்ந்திருந்தபோது ஞாபகம் வரவில்லை.

முதல் வருடம் ஜனங்கள் அந்தத் தாளை ஜோசியரிடம் கொண்டுபோனார்கள். இரண்டாம் வருடம் ஜோசியர்கள் வைரஸ் படித்துத் தேறிவிட்டார்கள். இரண்டு பேருக்கு ஒரே கிளை எண் என்றால் அவர்களுக்குள் என்னவோ இருந்திருக்கிறது என்று சொன்னார்கள். முக்கால்வாசி தப்பு, ஆனால் கேட்பதற்குச் சுவாரசியமாக இருந்தது. மூன்றாம் வருடம் தொண்டை நல வாரியமே, பொதுநன்மை என்று சொல்லி, சுவடிகளைச் சேமிக்கும் களஞ்சியத்தைத் திறந்துவிட்டது. யாருடைய எண்ணையும் தட்டிப் பார்க்கலாம், ஊதாதவர்களுக்கு வெற்று என்று காட்டும். அதன்பிறகு கிளையே இல்லாத வெற்றுச்சுவடி இருந்தால்தான் பெண்ணுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு? மாப்பிள்ளை ஊத வேண்டியதில்லை.

"அவ இதுவரைக்கும் ஊதினதே இல்ல. நம்பரைத் தட்டிப் பாருங்க, வெற்றுதான்," என்றாள் பூமாரியின் அம்மா, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு.

அத்தை திருப்தியாகத் தலையாட்டினார். கூடத்தில் இறுக்கம் தளர்ந்தது. எல்லோரும் காப்பியை எடுத்தார்கள். பூமாரியும் ஒரு வாய் குடித்தாள். விழுங்கும்போது தலையை வலப்பக்கம் ஒரு பொட்டுச் சாய்த்து, கண்ணை ஒரு கணம் மூடித் திறந்தாள்.

வேறு யாருக்கும் அது தெரிந்திருக்காது. இருபத்தைந்து வருடம் தொண்டைகளையே பார்த்தவருக்குத் தெரிந்தது. இசக்கியம்மாள் காப்பியைக் குடிக்காமலே கீழே வைத்தார்.

மறுநாள் காலை ஆய்வகத்தில் ஆட்கள் வருவதற்கு முன்பே அவர் பூமாரியைப் பிடித்துக்கொண்டார். தாடைக்குக் கீழே இடப்பக்கம் விரலை வைத்தார். நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி, கெட்டியாக, நகராமல் இருந்தது.

"எத்தனை நாளா இருக்குட்டி இது?"

"நாலு மாசமா, மேடம்."

"தெனமும் அறுபது பேருக்குக் குழலை நீட்டுதே. ஒரு தடவை நீ ஊதணும்னு தோணலையா?"

"தோணாம இருக்குமா?" பூமாரி மேசைமேல் இருந்த பெட்டியைப் பார்த்தாள். "ஊதின அடுத்த நிமிஷம் களஞ்சியத்துக்குப் போயிரும். அவங்க வீட்ல என் நம்பருக்கு மணி கட்டி வச்சிருக்காங்க மேடம். நான் ஊதினா அங்க மணியடிக்கும். அம்மா முகத்தை நேத்து பாத்தீங்கள்லா? கல்யாணம் முடியட்டும். ஆறு மாசம் கழிச்சு ஊதுதேன்."

"ஆறு மாசத்துல இது நுரையீரலுக்கு இறங்கிரும். அப்புறம் நான் ஒண்ணும் செய்யமுடியாது. புரியுதா? நீ செத்துப்போவட்டி."

பூமாரி யாரும் கேட்காததைத் தானாகச் சொன்னாள். "ஒரே ஒருத்தன்தான் மேடம். காலேஜ்ல. அவனை நானே மறந்துட்டேன்."

"நான் கேட்டனா? யாரும் கேக்கக்கூடாதுங்கேன்."

இசக்கியம்மாளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. ஒளிமருந்து என்று ஒன்று இருக்கிறது. புற்றணுக்களில் மட்டும் போய் ஒட்டிக்கொள்ளும், மேலே ஒளி பட்டால் அவற்றை மட்டும் சாகடிக்கும். ஆறு வாரத்தில் ஆள் எழுந்து நடமாடலாம். அந்த மருந்து பக்கத்து அறை அலமாரியில் இருந்தது. களஞ்சியத்தில் பதிவு ஏறினால்தான் அலமாரிப் பூட்டு திறக்கும். மருந்துக்கும் இந்தப் பெண்ணுக்கும் நடுவில் ஒரு அத்தை உட்கார்ந்திருந்தார்.

"சரி, இப்பிடிச் செய். என் நம்பர்ல ஊது. என் தொண்டைன்னே பதியட்டும். எனக்கு இனிமே எவன் பொண்ணு பாக்க வரப்போறான்?"

பூமாரி சிரித்துவிட்டாள். சிரிப்பு தொண்டையில் வலித்திருக்க வேண்டும், கழுத்தைப் பிடித்துக்கொண்டாள். சிரித்து முடித்தபோது அவள் முகம் வேறு மாதிரி இருந்தது.

"வேண்டாம் மேடம். உங்க பேருக்குப் பின்னால ஒளிஞ்சு பிழைக்கணுமா நான்? அப்பிடி என்ன திருடிட்டேன்?"

சொல்லிவிட்டு, தன் எண்ணைத் தானே தட்டி, குழலை வாயில் வைத்து, மூச்சை முழுக்க உள்ளே இழுத்து ஊதினாள்.

வைரஸ் உண்டு. இரண்டாம் கட்டத்தில் மூன்றாம் நிலை. கிளை எண் 212. அலமாரிப் பூட்டு திறந்த சத்தம் அறையில் கேட்டது. பதினேழு நிமிடத்தில் பூமாரியின் அம்மாவுக்குத் தொலைபேசி வந்தது. கல்யாணம் நின்றது. அத்தை நாலு வார்த்தை கூடவும் பேசினாராம். பூமாரி அதைக் கேட்டுக்கொண்டே ஒளிப்படுக்கையில் ஏறிப் படுத்தாள்.

அந்த ஆறு வாரமும் இசக்கியம்மாள் சரியாகச் சாப்பிடவில்லை. கணக்குகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சுவடி வந்த புதிதில் முற்றிய நிலையில் வருபவர்கள் பாதியாகக் குறைந்திருந்தார்கள். போன வருடம் பழையபடி ஏறிவிட்டார்கள். எல்லோரும் இருபதிலிருந்து முப்பதுக்குள், எல்லோரும் பெண்கள், எல்லோரும் கல்யாணம் முடிந்த கையோடு வந்தவர்கள். உயிரைக் காப்பாற்றச் செய்த கருவியைக் காட்டி உயிரை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அதற்குப் பெயர் வைத்தது நான், என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

அவரிடம் இன்னொரு சரக்கு இருந்தது. பத்து வருட உழைப்பு, ஏறக்குறைய முடிந்த நிலையில் கிடந்தது. சப்புவில்லை. அதற்குள் இருப்பது அதே வைரஸ்தான், புற்றாக்கும் பல்லைப் பிடுங்கியது. வாயில் போட்டுச் சப்பினால் தொண்டையில் போய்ச் சும்மா குடியிருக்கும். ஏற்கெனவே வேறு கிளை இருந்தாலும் சுவடியில் இதன் கிளைதான் மேலே நிற்கும். நிஜ வைரஸ் வந்தால் உடம்பு அடையாளம் கண்டு விரட்டிவிடும். எந்தக் கிளையைப் பல் பிடுங்குவது என்பதுதான் முடிவாகாமல் இருந்தது. ஊரில் அதிகம் பேரைக் கொல்லும் கிளை எதுவோ, அதைத்தான் எடுக்க வேண்டும். அது 212 என்று கணக்கு சொன்னது.

"உன் தொண்டையில எடுத்ததை வச்சுச் செய்யலாம்னு பாக்கேன்," என்றார் பூமாரியிடம். சிகிச்சை முடிந்திருந்தது. கட்டி இல்லை, குரல் மட்டும் கரகரத்துப் போயிருந்தது. "உன் பேர் எங்கயும் வராது. அதுக்கு நான் பொறுப்பு."

"ஏன் வரக்கூடாது?"

"என்னட்டி சொல்லுத?"

"என் பேரையே வைங்க மேடம். 212ன்னு போட்டாலும் களஞ்சியத்துல தட்டிப் பாத்துக் கண்டுபிடிக்கத்தான் போறாங்க. பேரோட இருந்துட்டுப் போகட்டும்."

சுவடியிலும் 212 பூமாரி கிளை என்றே ஏறியது. வில்லைக்கு அனுமதி கேட்டு இசக்கியம்மாள் சென்னைக்குப் போனபோது, வாரியத்தின் நீள மேசையைச் சுற்றி பதினோரு பேர் இருந்தார்கள். தலைவர் திருவேங்கடநாதன் நல்ல மனிதர் என்றுதான் பெயர். கோப்பை முழுக்கப் படித்திருந்தார்.

"அருமையான வேலை டாக்டர். ஒண்ணே ஒண்ணுதான் விட்டுப் போயிருக்கு. வில்லையில இருக்கிற வைரஸுக்கு அடையாளக் குறி போடல. குறி இல்லாட்டி, வில்லை சப்பினவங்க எல்லாருக்கும் சுவடியில பூமாரி கிளைன்னு வருமே? எது வில்லையால வந்தது, எது நிஜமா தொத்தினதுன்னு எப்படித் தெரியும்?"

"தெரியாது. அதுக்காகத்தான் குறி போடல."

"புற்று இருந்தா?"

"ரெண்டாவது கட்டம் சொல்லிரும். பல் பிடுங்கினது ரெண்டாவது கட்டத்தை ஒருநாளும் அசைக்காது. உயிருக்கு வேண்டியது அது ஒண்ணுதான். மூணாவது கட்டம் இனிமே யாருக்கும் எதுவும் சொல்லாது."

"உங்க ஆராய்ச்சியே அந்தக் கட்டம்தானே டாக்டர்? இருபது வருஷமா வரைஞ்ச கிளை வரைபடம். எல்லாத் தொண்டையிலும் ஒரே கிளைன்னு ஆயிட்டா அது குப்பைக்குத்தான் போகும்."

"போகட்டும்."

அந்த வரைபடத்துக்காக இசக்கியம்மாள் தன் தம்பி கல்யாணத்துக்குக்கூட ஒரு நாள் முழுக்க இருந்ததில்லை. இருந்தும், போகட்டும் என்று இன்னொரு முறை சொன்னார்.

திருவேங்கடநாதன் பெருமூச்சு விட்டார். "குறி போட்டுட்டு வாங்க. இல்லாம அனுமதி கிடையாது. இது விஞ்ஞானம் டாக்டர், பிடிவாதத்துக்கு இடமில்ல."

இசக்கியம்மாள் எழுந்தார். எல்லோரும் அவர் கிளம்புகிறார் என்று நினைத்தார்கள். அவர் பையிலிருந்து சுவடிப்பெட்டியை எடுத்து மேசை நடுவில் வைத்து, அறையின் திரையோடு இணைத்தார். தன் எண்ணைத் தட்டினார். ஊதினார். சுவர் முழுக்க எழுத்துகள் பெரிதாக விழுந்தன.

"வைரஸ் உண்டு. புற்று இல்ல. கிளை 41," என்று தானே வாசித்தார். "வயசு அம்பத்தாறு. கல்யாணம் ஆகல. கேக்க வேண்டியதை இப்பவே கேட்டுருங்க, எனக்கு நெல்லை வண்டிக்கு நேரமாகுது."

ஒருவர் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகித் திருகி மூடிக்கொண்டிருந்தார்.

"களஞ்சியத்தைத் தொறந்து விட்டது இந்த வாரியம். ஊருல யாரு எண்ணை வேணும்னாலும் தட்டலாம்னு சொன்னீங்க. ரயில்ல வரும்போது உங்க பதினோரு பேர் எண்ணையும் தட்டிப் பாத்தேன். ஒருத்தர்கூட இதுவரைக்கும் ஊதல. தொண்டை நல வாரியம்! உங்கள்ல நாலு பேருக்கு என் கண்ணுக்கு முன்னாலயே இருமல். தலைவர் மூணு மாசமா குரல் கம்மலாப் பேசுதீங்க, நான் தொலைபேசியில கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்." குழலைத் துடைத்துத் திருவேங்கடநாதன் முன்னால் நீட்டினார். "இந்தாங்க. விஞ்ஞானம். ஊதுங்க."

தலைவர் குழலைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். கை மேசையை விட்டு எழவில்லை.

"பயமா இருக்குல்லா?" இசக்கியம்மாளின் குரல் தணிந்தது. "அறுபது வயசு ஆம்பளை, பதவியில இருக்கிறவரு, உங்களுக்கே இவ்வளவு பயமா இருக்கு. இருபத்தெட்டு வயசுப் பிள்ளை எப்பிடி ஊதும்? வில்லையில குறி இல்லாட்டி நீங்களும் நிம்மதியா ஊதலாம் சார். சப்பிட்டு ஊதினா பூமாரி கிளைன்னுதான் வரும், வில்லைன்னு சொல்லிட்டுப் போயிரலாம்."

விவாதம் அதற்குப் பிறகு ஐந்து நிமிடம்கூட நடக்கவில்லை. பொதுநன்மையை முன்னிட்டு, குறியில்லாத சப்புவில்லைக்கு வாரியம் ஒருமனதாக அனுமதி அளித்தது. அடுத்த மாதம் திருவேங்கடநாதன் யாரும் அறியாமல் பாளையங்கோட்டைக்கு வந்து ஊதினார். முதல் நிலை. பிழைத்துக்கொண்டார்.

மூன்று வருடத்தில் மாநிலத்தில் ஏழு கோடிப் பேர் வில்லை சப்பியிருந்தார்கள். யார் ஊதினாலும் பூமாரி கிளை. மாமனார் பூமாரி கிளை, மருமகள் பூமாரி கிளை, ஜோசியரும் பூமாரி கிளை. ஊரே ஒரே கிளை என்றால் யாரும் யாரையும் கட்டமுடியாது என்று ஒரு பெரியவர் வழக்குப் போட்டு, நீதிமன்றம் சிரித்து அனுப்பியது. வரைபடம் செத்தது. முற்றிய நிலையில் வரும் பெண்களும் குறைந்துபோனார்கள். மேசையில் வேலை குறைந்த மதிய நேரங்களில் இசக்கியம்மாள் அந்தப் பழைய வரைபடத்தைத் திறந்து பார்ப்பார், கொஞ்சம் வருத்தப்படுவார், மூடிவிடுவார். ஒழிந்தது சனியன் என்றுதான் நினைத்திருந்தார்.

அப்படியொரு மதியத்தில்தான் வெளியறையில் ஒரு பெண்குரல் உரக்கக் கேட்டது. இசக்கியம்மாள் கதவருகில் வந்து நின்றார். பட்டுப்புடவை கட்டிய ஓர் அம்மாள், கூடவே முப்பது வயது மகன். மேசையில் பூமாரி.

"எங்க வீட்ல யாரும் அந்த வில்லையைத் தொடலம்மா. சுத்தமான குடும்பம், வெற்றுச்சுவடிக் குடும்பம். இப்ப என்னடான்னா பொண்ணு வீட்ல பூமாரி கிளை இருக்கான்னு கேக்காங்க. வெற்றுன்னா ஏதோ மறைக்கோம்னு நெனைக்காங்க. நாலு வரன் தட்டிப்போச்சு. பூமாரி கிளைதான் இப்ப ஒசத்தியாம்லா? இவனுக்கும் ஒரு வில்லை குடு."

இசக்கியம்மாளுக்குத் தலை சுற்றியது. ஒரு வாசலை அடைத்தால் அடுத்த வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுகிறார்களே! உள்ளே போய் நாலு வார்த்தை கேட்க வேண்டும்போல வாய் துடித்தது. பூமாரி நிமிராமலே கையை மட்டும் காட்டி அவரை நிறுத்தினாள்.

"வில்லை குடுக்கதுக்கு முன்னால ஒரு தடவை ஊதிப் பாக்கணும்," என்றாள் கரகரத்த குரலில். மகன் ஊதினான். தாள் வந்தது. அந்த அம்மாள் அதை எட்டிப் பறித்து, நேராக மூன்றாம் கட்டத்துக்குப் போனார். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"பூமாரி கிளை! எலே, பாத்தியா, வில்லை சப்பாமலே பூமாரி கிளைன்னு வந்திருக்கு! நம்ம குடும்பம் அப்பிடி. நான் சொல்லல? வா, வா, ஆறு மணிக்குள்ள தரகரைப் பாத்துரலாம்."

வில்லை சப்பாத தொண்டையில் அந்தக் கிளை வந்தால் அது நிஜமாகத் தொற்றிய வைரஸ் என்று அங்கே பூமாரிக்கும் இசக்கியம்மாளுக்கும்தான் தெரியும். பூமாரி எழுந்து, வாசல்வரை போய்விட்ட அந்த அம்மாளின் கையிலிருந்து தாளை வாங்கினாள். மூன்றாம் கட்டத்தை மடித்து, நகத்தால் நீவி, கிழித்துக் கசக்கிக் குப்பைத்தொட்டியில் போட்டாள். மிச்சத்தை நீட்டினாள். இரண்டாம் கட்டத்தில் முதல் நிலை என்று இருந்தது.

"இதை வாசிங்கம்மா. ஆறு வாரம் மருந்து. இன்னைக்கே ஆரம்பிச்சா ஒரு தழும்புகூட இருக்காது."

"அதைக் கெடக்கச் சொல்லு! கிளையைக் கிழிச்சிட்டியே, பாவி! எம் பிள்ளை கிளையைக் கிழிக்க நீ யாரு?"

"அது உங்க பிள்ளை கிளை இல்ல. என் கிளை," என்றாள் பூமாரி. "தம்பி, சட்டைப் பொத்தானைக் கழட்டிட்டு உள்ள வாங்க."